அரசகுமாரிக்குக் கிடைத்த திட்டு

"தப்புப் பண்ணினா என்னைத் திட்டுவீங்களா?"

வேலை கேட்டு வந்தவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாங்கோனின் பசுந்தாங் பகுதியில் என் தகப்பனார், அத்தா, விட்டுச்சென்ற துணிக்கடையை, மணப்பெண் உடைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடையாக நான் மாற்றியிருந்தேன். திட்டுவதில் என்னை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. "அதுக்கு ஒண்ணும் குறை வைக்க மாட்டேன்" என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

காரணத்தைப் பிறகு சொன்னாள். அவள் பர்மாவின் பழைய அரச குடும்பத்துப் பெண், தன் கிளையில் கடைக்குட்டி. அரண்மனை எல்லாம் எந்தக் காலத்திலோ போய்விட்டது. மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் போனால் அலமாரியில் தட்டுகள் குலுங்கும் மூன்றாம் மாடி வாடகை வீட்டில் இருந்தாள். எண்பத்தெட்டுக் கிளர்ச்சியில் கல்லூரிகளை மூடியபோது படிப்பு பாதியில் நின்றது. டியூஷன் எடுத்தாள், பெற்றவர்கள் பிள்ளைகளோடு தாங்களும் மண்டியிட்டுக் கும்பிட்டார்கள், பாடம் நடக்கவில்லை. கப்பல் கம்பெனியில் டைப் அடிக்கப் போனாள். அவள் உள்ளே வரும்போதெல்லாம் மேனேஜர் எழுந்து நின்றார். நின்று நின்று கால் வலித்து, ஒருநாள் கைகூப்பி, "நாளையிலிருந்து வராதீங்க" என்று கேட்டுக்கொண்டார்.

"நான் தப்பா அடிச்ச கடுதாசியக்கூட அவரே திரும்ப அடிப்பார் லாத்தா. ஒரு வார்த்தை சொல்லமாட்டார். திட்ட முடியாத ஆளை யார் வேலைக்கு வச்சுக்குவா? இதுவும் போச்சுன்னா நான் வீட்டோடதான்."

நாங்கள் பேசியது பர்மிய மொழியில்தான். என் தம்பி என்னை அக்கா என்ற பொருளில் 'லாத்தா' என்று கூப்பிடுவதைக் கேட்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டாள். தான் யார் என்று வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது என்பது அவளுடைய ஒரே நிபந்தனை. சத்தியம் செய்தேன்.

என்ன கை அது! இங்கே கல்யாண நாளில் எந்த வீட்டுப் பெண்ணும் அந்தக்கால அரசகுமாரி போலத்தான் உடுத்துவாள். மேலே ஜரிகைச் சட்டை, கீழே தமீன் என்னும் பட்டுக் கீழாடை, அதற்குப் பின்னால் தரையில் புரளும் நீண்ட வால். அந்த வாலை மடிப்பு மடிப்பாக விரித்து ஊசி குத்துவதில்தான் வேலையே இருக்கிறது. ஆறே மாதத்தில் அவள் அதில் புலியாகிவிட்டாள். நானும் தாராளமாகத் திட்டினேன். "ஊசிய எங்க வச்சே, உன் தலையிலயா?" என்றால் சிரித்துக்கொண்டே தேடுவாள்.

அப்புறம் என் வாய் என்னைக் கவிழ்த்தது. போட்டாதாங்கில் படகுகள் வைத்திருந்த குடும்பத்தில் பெரிய கல்யாணம். பெண்ணின் அம்மா எங்கள் கடைக்கும் எதிர்க்கடைக்குமாக இழுபறியில் நின்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. "எங்க கடையில உடுத்திவிடுறது யாருன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆர்டர் கிடைத்தது. அவளிடம் நான் மூச்சுவிடவில்லை.

கல்யாணத்தன்று காலை. ஹோட்டலில் மணப்பெண்ணின் அறை. பாதி உடுத்தியிருந்தாள் பெண். கதவு திறந்தது. தேங்காயும் வாழைப்பழமும் வைத்த பெரிய தட்டோடு அம்மா உள்ளே வந்தார், பின்னாலேயே நான்கு சித்திமார்கள். பெரியவர்களை வணங்கப் பர்மியர்கள் கொண்டுவரும் தட்டு அது. எல்லோரும் உடுத்திவிட்டுக்கொண்டிருந்த அவள் முன்னால் மண்டியிட்டார்கள். அதைப் பார்த்த மணப்பெண்ணும் விழுந்து வணங்க, பட்டு கசங்கியது. "உங்க கை எங்க பொண்ணு கால்ல படலாமா? எங்களுக்குப் பாவம்!" என்று அம்மா அழ ஆரம்பித்தார்.

அவள் வாயில் வரிசையாக ஊசிகள். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அலமாரிக்குள் புகுந்துகொள்ள இடமிருக்கிறதா என்று பார்த்தேன். மண்டபத்தில் மேளம் தொடங்கிவிட்டது.

ஊசிகளை எடுத்தாள். நிமிர்ந்தாள். அதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில் சொன்னாள். "மணப்பெண் எழுந்து நிக்கணும். அசையக்கூடாது. இது உத்தரவு."

பெண் துள்ளி எழுந்து நின்றாள். இவள் அவள் காலடியில் மண்டியிட்டாள். அரச வம்சத்தவரைவிடத் தங்கள் தலை உயரக்கூடாதே! அம்மாவும் சித்திமார்களும் இன்னும் குனிந்தார்கள். வாலின் ஓரத்தைச் சரிசெய்ய இவள் முழங்கையை ஊன்றினாள். அவர்கள் நெற்றியைத் தரையில் வைத்தார்கள். கடைசி மடிப்புக்கு இவள் குப்புறப் படுத்தாள். அவ்வளவுதான், பட்டுடுத்திய ஐந்து பெண்களும் கம்பளத்தில் தட்டையாகப் படுத்துவிட்டார்கள்! நான் வாயைப் பொத்தியும் சிரிப்பு வெடித்துவிட்டது.

பெண் தயாரானாள். எல்லோரும் எழுந்து, தமீன்களில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு மண்டபத்துக்கு விரைந்தார்கள். அறையில் நாங்கள் இருவர் மட்டும். அவள் ஊசிகளை டப்பாவில் போட்டு மூடினாள்.

"மூணாவது வேலையும் போச்சு லாத்தா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரையே திட்டுகிற நான், கம்பளத்தில் ஊசி ஏதும் விழுந்திருக்கிறதா என்று தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அப்போது மண்டப வாசலிலிருந்து அந்த அம்மாவின் குரல் தாழ்வாரம் முழுக்க அதிர்ந்தது.

"ஏ பொண்ணே! எங்க போய்த் தொலைஞ்சே? வால் கோணிக்கிட்டுக் கிடக்கு, கண்ணு தெரியலையா உனக்கு? மாப்பிள்ளை காத்திருக்காரு, சீக்கிரம் வா!"

டப்பாவை அள்ளிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். பாதி தாழ்வாரத்தில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்கள் நிரம்பியிருந்தன.

"கேட்டீங்களா லாத்தா? என்னைத் திட்டுறாங்க!"