ஜீப்ரா மீனிடம் அம்மா கேட்டது

தோட்ட வேலையில் லாரியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டதிலிருந்து அண்ணனுக்குச் சக்கர நாற்காலிதான். அம்மாவும் விடாமல், மலாய்க்காரர்கள் ஹருவான் என்கிற விரால் மீனில் சூப் வைக்கிறார். காயம் சீக்கிரம் ஆறுமாம்.

அண்ணன் கேட்டானென்று இன்று ரந்தாவ் டவுனில் மீன் தொட்டிக் கடையில் நாலைந்து ஜீப்ரா மீன்கள் வாங்கி, தொட்டியைச் சமையலறை மேசையில் வைத்தேன்.

"இதுக்கு முதுகுத்தண்டு நரம்பு அறுந்தாலும் மறுபடி வளந்துரும்மா. திரும்ப நல்லா நீந்தும்," என்றான் அண்ணன்.

அம்மா குனிந்து பார்த்தார். "இத்துனூண்டு இருக்கேய்யா. சூப்புக்குப் பத்தாதே."

"ஐயோ, அது தன் முதுகத்தான் வளத்துக்கும் லா!" அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

அவன் தூங்கியதும் அம்மா தொட்டியருகே போய் மெதுவாகக் கேட்டார்: "எப்படின்னு எம்புள்ளைக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

பின்னால் அடுப்பில் ஹருவான் கொதிக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு எந்த மீன் வாயைத் திறக்கும்? நீங்களே சொல்லுங்கள்.