பதிமூன்று போன்களும் ஒரு கட்டை விரலும்

உள் அறையிலிருந்து சினிமாச் சண்டையின் டமால் டுமீல் கேட்டது. கூடவே பெண்களின் சிரிப்பு.

நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அருண்ராஜ் திடுக்கிட்டுத் திரும்பினான். "உள்ள யாருக்கா?"

"நம்ம உப்பளத்துப் பொம்பளைங்கதான். வேலை முடிஞ்சுது, படம் பாக்குறாளுங்க. நீ வந்த விஷயத்தைச் சொல்லு" என்றாள் ஆரோக்கியசெல்வி.

"புகாரை வாபஸ் வாங்கிக்கக்கா. உனக்குப் புது போனே தர்றேன்."

ஆரோக்கியசெல்வியின் கண்கள் சுவரில் மாலையோடு இருந்த கணவன் சகாயராஜின் படத்துக்குப் போய்த் திரும்பின.

பதினாறு வயதில் மரக்காணம் உப்பளத்தில் கூடை தூக்க வந்தவள் அவள். இப்போது நாற்பத்தொன்று. உப்பும் உப்புத் தண்ணீரும் அவள் விரல் ரேகைகளைத் தின்றுவிட்டன. ரேஷன் கடை மெஷின்கூட அவள் கையை ஏற்காது. அனுமந்தையிலிருந்து மீன் பிடிக்கக் கடலுக்குப் போகும் சகாயராஜ், படகு கரையை நெருங்கி சிக்னல் கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவான். "செல்வி, கரை தெரியுது. அடுப்பை மூட்டு." போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியிலும் அப்படித்தான் அனுப்பினான். அரை மணி நேரத்தில் படகு வந்தது. அதில் அவன் உயிர் இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

நாற்பத்து நான்கு குரல் பதிவுகள் மிச்சமிருந்தன. தினமும் அடுப்பு மூட்டும்போது ஒன்றைப் போட்டுக் கேட்பாள். அந்தக் குரலோடுதான் குடும்பம் நடத்தினாள், பாவி மகள்!

அந்த போனைத்தான் அருண்ராஜின் செல்போன் கடையில் கொடுத்தாள், விரலால் பூட்டுப் போட்டுத் தரச் சொல்லி. விரல் பதியவில்லை. "உனக்கு நம்பர் போட்டுத் தர்றேன்க்கா. நம்பர் மறந்துட்டா தெறக்க என் கட்டை விரல் இருக்கட்டும்" என்று தன் ரேகையைப் பதித்தான். உப்பளத்துப் பெண்கள் எல்லோருக்கும் அப்படியே செய்தான். உதவி என்றுதான் நினைத்தார்கள்.

"புதுப்படம் எல்லாம் ஓசியிலேயே பாக்கலாம்க்கா" என்று எல்லோர் போனிலும் ஒரு ஆப்பை ஏற்றினான். அது கேட்ட அனுமதிக்கெல்லாம் அவனே 'சரி' அமுக்கினான்.

மூன்று வாரம் படம் ஓடியது. பிறகு ஆரோக்கியசெல்வி பெயரில் ஆபாச லிங்க்குகள் எல்லோருக்கும் பறந்தன. மாதா கோயில் பங்குச் சாமியாருக்கும் போயிருந்தது! கடைசியில் திரையே பூட்டிக்கொண்டது. கடைக்கு ஓடினாள். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அருண்ராஜ் மொத்தத்தையும் அழித்தான். தான் ஏற்றிய ஆப்பும் அதோடு மறையுமே!

"எங்க வூட்டுக்காரரு பேசுனது எங்கடா?"

"போயிருக்கும்க்கா. போன் பொழைச்சுதேன்னு சந்தோஷப்படு."

பதினோரு நாள் அழுதாள். பன்னிரண்டாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காவல் நிலையம் போனாள். அங்கிருந்த பெண் காவலர் அவள் ரீசார்ஜ் திட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுலயே படம் பாக்க ஒரு ஆப் சேத்துக் குடுத்திருக்காங்களேம்மா. பழைய படம்னா கம்பெனிக்காரங்களே யூடியூப்ல போடுறாங்க, நடுவுல விளம்பரம் வரும், அவ்வளவுதான்." அதை அருண்ராஜும் அறிவான். சொல்லவில்லை. ஓசி ஆப்பை ஏற்றினால்தான் அவனுக்குக் கமிஷன். இது தெரிந்தபோது அவள் நெஞ்சில் எரிந்தது, மூட்டாத அடுப்பு!

விசாரணையில் அருண்ராஜ் கையை விரித்தான். "அந்தம்மாவே எதையோ அமுக்கிச்சு. நான் எந்த ஆப்பும் ஏத்தல." அவள் போனில் சாட்சி அழிந்துவிட்டது. அதனால்தான் இன்று, பேசித் தீர்க்கலாம் என்று சொல்லி அவனை வீட்டுக்கு வரவழைத்தாள்.

"புது போன் வேணாம்" என்றாள் இப்போது. "நீ ஏத்துன ஆப்பு இன்னும் எத்தினி பொம்பளைங்க போன்ல இருக்குது! என் கண்ணு முன்னால எல்லாத்தையும் எடு. அப்புறம் யோசிக்கறேன்."

அவன் முகம் மலர்ந்தது. "அவ்வளவுதானே, குடுக்கா!"

"சரஸு!"

படச் சத்தம் நின்றது. உப்பளத்துத் தோழி சரஸ்வதி உப்புக் கூடையோடு வந்தாள். கூடைக்குள் பதிமூன்று போன்கள். மற்ற பெண்கள் வாசற்படியில் கூடினார்கள்.

"உட்கார்ந்து பொறுமையா செய்ப்பா. எங்க மாமியா பேன் பாக்குற மாதிரி" என்றாள் சரஸ்வதி. ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

அருண்ராஜ் முதல் போனை எடுத்தான். நம்பர் கேட்கவில்லை. பழக்க தோஷத்தில் கட்டை விரலை வைத்தான். திறந்தது. ஆப்பை எடுத்தான். இரண்டாவது, மூன்றாவது... நான்காவதைத் திறந்தபோது தலை நிமிர்ந்தான். சரஸ்வதி கையிலிருந்த போன் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னக்கா பண்றே?"

"படம் எடுக்கறேன் தம்பி. சொந்தப் படம். திருட்டுப் படம் இல்ல."

அவன் கையிலிருந்த போன் கூடையில் விழுந்தது.

"மிச்ச ஒம்போதும் அப்படியே இருக்கட்டும்" என்றாள் ஆரோக்கியசெல்வி. "இன்ஸ்பெக்டர் கேட்டாரு, இவன்தான் ஏத்துனான்னு என்னம்மா சாட்சின்னு. எங்க கைல ரேகை இல்லடா. உன் கைல இருக்குதே, பதிமூணு போன்லயும்!"

அவன் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "அக்கா, கடை போயிடும்க்கா! வாபஸ் வாங்கறேன்னியே!"

"யோசிக்கறேன்னேன். யோசிச்சுட்டேன்." அவள் சுவரிலிருந்த படத்தைக் காட்டினாள். "நாப்பத்து நாலு தடவை அவரு என்னைக் கூப்புட்டாரு. அதுல ஒண்ணே ஒண்ணு கொண்டா. இப்பவே ஸ்டேஷனுக்குப் போய் வாபஸ் வாங்கறேன்."

அவன் தலை குனிந்தான்.

"முடியாதுல்ல? உசுரு இருக்குதேன்னு சந்தோஷப்படு. போ."

வாசற்படியிலிருந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருத்தியும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுடுமணலில் வெறுங்காலோடு இறங்கினான். தெருமுனை வரை அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

ஆரோக்கியசெல்வி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.