சங்கு நண்டுக்கு ஊத்தின தண்ணி

புதுச்சத்திரத்துல இருக்கிற தெய்வநாயகி எங்க அக்கா மக. அவ ஊட்டுக்காரர் ரங்கன் லாரி ஓட்டுறவர். தூத்துக்குடிக்கு லோடு போனவர், காலிச் சங்குக்குள்ள குடியிருக்கிற நண்டுகளைக் கொண்டாந்து, கண்ணாடித் தொட்டியில கடல் தண்ணி, பவளக்கல், ரெண்டு மீனோட விட்டார். அவ ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சா.

"நண்டுன்னா ரசம் வெப்பாங்க, நீ பேர் வெக்கிறயே சாமி!"னு நான் சிரிப்பேன்.

"போங்க மாமா, இதுங்க எம்புள்ளைங்க"ம்பா.

தொட்டியில தண்ணி வத்துனாலும் உப்பு அப்படியே தங்கிரும், அதனால உப்பில்லாத தண்ணி ஊத்தச் சொல்லிட்டு ரங்கன் வடக்கே லோடு போயிட்டார். எங்க குடும்பத்துல எல்லாரும் ராத்திரி செப்புக்குடத்துல தண்ணி நிரப்பி வெச்சுக் காலையில குடிக்கிறவங்க. உடம்புக்கு நல்லதாச்சேன்னு அந்தத் தண்ணியையே அவ தொட்டியிலும் ஊத்தினா.

ரங்கன் திரும்பறப்போ மீன் நீந்திக்கிட்டு இருந்துச்சு. நண்டு ஒண்ணுகூட மிஞ்சலை. வண்ணமீன் கடைக்காரர்கிட்டப் போன்ல கேட்டார். மீன் தாங்கினாலும், செம்பு கலந்த தண்ணியில நண்டு பொழைக்காதாம்.

"நான் வெவரமாச் சொல்லாமப் போயிட்டேம்புள்ள"ன்னார் ரங்கன்.

தெய்வநாயகி தொட்டியைப் பார்த்தபடியே சொன்னா.

"மொத நண்டு சோர்ந்தப்பவே, தெம்பு வரட்டும்னு இன்னொரு சொம்பு சேர்த்து ஊத்தினேனுங்க."