வெயிலில் வைத்த வெந்நீர்

ஜூலை மாதத்துத் துபாயில் குடிக்க ஒரு வாய் வெந்நீர் கிடைக்காது என்று சொன்னால் ஊரிலிருந்து இதைப் படிக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள். குளியலறைக் குழாயைத் திறந்தால் கை வெந்துவிடும். ஆனால் அது மொட்டைமாடித் தொட்டியில் கிடந்து காய்ந்த தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும். குடிக்கிற தண்ணீர் சைட்டில் கூலரிலிருந்துதான் வரும், பல் கூசுகிற குளிரில். அதுவும் போதாதென்று ஆளாளுக்கு ஐஸ் கட்டியை உடைத்துப் போட்டுக்கொள்வார்கள். ஒருநாள் எங்கள் ஃபோர்மேனிடம் போய், "ஹாட் வாட்டர், டிரிங்கிங்" என்று கேட்டேன். அவர் எகிப்துக்காரர். என்னை மேலும் கீழும் பார்த்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்று முடிவு செய்து, என்னை நிழலில் உட்காரவைத்து, கையில் ஓர் ஐஸ் பாட்டிலையும் திணித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. மறுநாளிலிருந்து நான் யாரிடமும் கேட்கவில்லை. காலையில் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அடுக்கி வைத்த கம்பிக்கட்டின் மேல் வெயிலில் வைத்துவிடுவேன். பத்து மணிக்கெல்லாம் அது நன்றாகச் சுட்டுவிடும்.

அந்தத் தண்ணீர் எனக்கில்லை, என் தங்கை புருஷன் செல்வராசுக்கு. நாங்கள் இருவரும் ஜெயங்கொண்டம் பக்கத்து ஆட்கள். ஒரே கம்பெனியில் கம்பி கட்டுகிற வேலை, அல் கூஸ் கேம்ப்பில் ஒரே ரூம், ஒரே இரும்புக் கட்டிலில் அவர் கீழ்த்தட்டு, நான் மேல்தட்டு. துபாய் முழுக்க கிரேன்களாக நின்ற வருஷங்கள் அவை. எங்கள் மெஸ்ஸில் விடிகாலைப் பாங்கு சொல்வதற்கு முன்பே மதியச் சோற்றை வடித்து, பருப்பை ஊற்றி, டப்பாவில் அடைத்துவிடுவார்கள். அது எங்களோடு பஸ்ஸில் ஏறி, எங்களோடு சைட்டில் இறங்கி, எங்களோடு வெயிலில் கிடக்கும். மதியம் மூடியைத் திறந்தால் ஒரு புளித்த வாடை முகத்தில் அடிக்கும். அதனால் கேம்ப்பில் வயிற்றுக்கோளாறு இல்லாத ஆளே கிடையாது. எல்லோர் சட்டைப்பையிலும் ரோஸ் நிறத்தில் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். "கேஸ் பாய், கேஸ்" என்று நெஞ்சைத் தடவிக்கொள்வார்கள், அதோடு சரி. மாப்பிள்ளைக்கும் கேஸ் என்றுதான் நினைத்தோம். ஆனால் அவர் நாலு கவளத்திலேயே நிறைந்துபோய்க் கையைக் கழுவ ஆரம்பித்தார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட ஆணியும் சுத்தியலும் எடுத்தபோதுதான் இது கேஸ் இல்லை என்று எனக்குப் பட்டது.

கம்பெனி டாக்டரிடம் போகலாமே என்பீர்கள். போகலாம். வயிறு என்று ஒருமுறை சொன்னால் சீட்டு ஆபீசுக்குப் போகும். ஆபீசில் விசாவைக் கேன்சல் அடித்து ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்பது எங்கள் கேம்ப்பின் வேதவாக்கு. உண்மையா பொய்யா என்று சோதித்துப் பார்க்க யாருக்குத் துணிச்சல்? முடிவெட்டுகிற கடையில் ஒருவர் சொன்னார், தேரா கடைவீதியில் சூட்கேஸ் கடைக்கு மேல்மாடியில் ஒரு சீனத்து அம்மா இருக்கிறார், வயிற்றுக்கு இலை, வேர் எல்லாம் பொடித்துக் கொடுக்கிறார், யாருக்கும் சீட்டு எழுதுவதில்லை என்று. எங்களுக்கு மருந்தைவிட அந்தக் கடைசி வார்த்தைதான் பிடித்தது. வெள்ளிக்கிழமை போனோம்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். குள்ளமாக, கண்ணாடி போட்டு, கடைவீதி இந்தியும் உடைந்த இங்கிலீஷும் பேசினார். மாப்பிள்ளையின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை கூச்சத்தில் நெளிந்தார். ஒரு பெண்பிள்ளை இவ்வளவு நேரம் கையைப் பிடித்தது கல்யாணத்துக்கு அப்புறம் இப்போதுதான் என்று பின்னால் பஸ்ஸில் சொல்லிச் சிரித்தார். பிறகு அந்த அம்மா நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு சுத்தமாக, செக்கச்செவேலென்று இருந்தது. உடம்பு காய்ந்துபோயிருக்கிறது, வயிற்றில் ஈரம் இல்லை என்றார். குளிர்ச்சிக்கென்று இனிப்பாக ஒரு பொடி கொடுத்தார். அப்புறம் விதிகள்: "தண்டா பானி நோ. கரம் பானி. டைம் பே கானா." ஐஸ் தண்ணீர் கூடாது, வெந்நீர்தான். நேரத்துக்குச் சாப்பாடு, குழைந்த கஞ்சி, கொஞ்சம் இஞ்சி, மென்று தின்பது, தின்றதும் சற்று உட்காருவது. கடைசியாகத் தன் தலையையும் வயிற்றையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினார். "ஈட்டிங் டைம், நோ திங்க். டூ மச் திங்க், ஸ்டமக் காலி கராப்."

இதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. கஞ்சி குடி, வெந்நீர் குடி, கவலைப்படாமல் சாப்பிடு. இதை எங்கள் வீட்டில் எந்தப் பெண்பிள்ளையும் சொல்லியிருப்பாளே. ஆனால் எங்களுக்கு உடம்பு சரியில்லை என்று நாங்கள் வீட்டில் சொல்வதில்லை. போனில் "நல்லா இருக்கேன்" என்று பொய் சொல்லிவிட்டு, வீட்டு வைத்தியத்தைக் கேட்க பஸ் ஏறிச் சீனாக்காரியிடம் வந்திருக்கிறோம். எங்களால் சாப்பாட்டு நேரத்தை மாற்ற முடியாது, சோற்றைக் குழைக்க முடியாது, தின்றதும் உட்கார முடியாது. யோசிக்காமல் தின்பதற்கு நாங்கள் மாடுகளா? எல்லா விதியிலும் எங்கள் கைக்கு எட்டியது வெந்நீர் ஒன்றுதான். அதனால்தான் அந்தப் பாட்டில்.

பொடி கேட்கவில்லை. சாப்பிட்டது வெளியே வர ஆரம்பித்தது. இதை வைத்து நாக்குதான் வழிக்கலாம் என்று பொட்டலத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டே அவரை மறுபடி கூட்டிப்போனேன். சீனத்து அம்மா கையைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. கை ஒன்று சொல்கிறது, நாக்கு வேறொன்று சொல்கிறது என்று இரண்டு விரலைப் பிரித்துக் காட்டிப் புரியவைத்தார். காலையில் வாய்க்கு என்ன செய்கிறாய் என்று கேட்டார். மாப்பிள்ளை பெருமையாக, இரண்டு கையாலும் தகட்டை வளைத்துப் பிடித்து நாக்கை வழிப்பதுபோல் செய்துகாட்டினார். "டெய்லி கிளீன், மேடம். டுடே டபுள் கிளீன்."

அந்த அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர்களுடைய வைத்தியத்தில் நாக்கின் மேல் படிகிற மாவைப் பார்த்துத்தான் வயிற்றைப் படிப்பார்களாம். நாங்களோ ஒரு பெண்ணின் முன்னால் நாக்கை நீட்டப் போகிறோமே என்று, ரத்தம் கசிகிற வரை வழித்துவிட்டுப் போயிருக்கிறோம். அழுக்கு நாக்கை டாக்டரிடம் காட்டுவது மரியாதையா? எங்கள் ஆளில் எவனும் இதைத்தான் செய்திருப்பான். அடுத்த வெள்ளி வரை வழிக்காதே என்று சொல்லி அனுப்பினார்.

அந்த ஒரு வாரம் மாப்பிள்ளை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் தொட்டிக் குழாய் வரிசையில் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் காறிக் காறி நாக்கு வழிக்கும்போது, இவர் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நிற்பார். கையால் மறைத்துக்கொண்டுதான் பேசுவார். சுவரில் ஒட்டியிருந்த முருகன் காலண்டருக்கு முன்னால் நின்று விபூதி பூசுகிறவர், அந்த வாரம் நிற்கவில்லை.

"சாமி முன்னால இந்த வாயோட எப்புடி மச்சான் நிக்கிறது? பொண்டாட்டிகிட்ட போன்ல பேசவே கூசுது."

"போன்ல நாத்தமா போகப்போவுது மாப்ள?"

"போவாதுதான். ஆனாலும் கூசுதே."

வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது அந்த அம்மா மதியச் சாப்பாட்டில் இருந்தார். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஆறிப்போன நூடுல்ஸ். நின்றுகொண்டே, போனில் யாரிடமோ கவலையாகப் பேசிக்கொண்டே விழுங்கினார். எங்களுக்குச் சொன்ன விதி ஒன்றைக்கூட அவரால் காப்பாற்ற முடியவில்லை. அவருக்கும் எங்கோ ஒரு வீடு இருக்கும், அங்கே "நல்லா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். போனை வைத்துவிட்டு மாப்பிள்ளையின் நாக்கை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். ஓரமெல்லாம் மஞ்சளாகத் தடித்து, நடுவில் கருத்திருந்தது. பிறகு வயிற்றை அழுத்தி ஓர் இடத்தில் விரலை நிறுத்தினார். அலமாரிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. "மெடிசின் மாஃபி. ஹாஸ்பிட்டல். டுடே," என்றார். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மருந்து தர மறுத்த வைத்தியரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். இங்கே படுத்தால் கேன்சல், ஊரில் போய்க் காட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. திட்டினேன், கெஞ்சினேன், கேட்கவில்லை. லீவு எழுதிக் கொடுத்தார். காங்கிரீட் போடுகிற நேரம், ஆள் விட முடியாது என்று இழுத்தார்கள். பாஸ்போர்ட்டும் கம்பெனி ஆபீசிலேயே இருந்தது. அந்த நாட்களில் அவர் வயிற்றில் நின்றது என் பாட்டில் தண்ணீர் மட்டும்தான். வெயிலே அடுப்பு மச்சான், கேஸ் செலவில்லை என்று சிரிப்பார். அவர் சிரித்தால் எனக்கு அழுகை வரும், வேறு பக்கம் திரும்பிக் கம்பியைக் கட்டுவேன்.

ஒருவழியாக லீவு கிடைத்து ஊருக்குப் போனார். திருச்சி ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். கட்டி. நாக்கு வழித்ததில் வீணாய்ப்போன வாரங்களால்தானா என்று நான் போனில் டாக்டரிடம் கேட்டேன். அதனால் ஒன்றும் மாறியிருக்காது, முன்பே முற்றிவிட்டது என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார் போலிருக்கிறது. எனக்கு ஆறவில்லை. யாரைத் திட்டுவது? விடியாத நேரத்தில் வடித்த சோற்றையா, ஆபீசையா, சீட்டுக்குப் பயந்த எங்களையா? கட்டிலின் கீழ்த்தட்டுக்குப் புது ஆள் வந்துவிட்டான், நேபாளி. அவனுக்கும் கேஸ்.

கடைசியாக ஒருமுறை மாப்பிள்ளையே போனில் பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"இங்க கேட்ட ஒடனே வெந்நி கெடைக்குது மச்சான். ஒந் தங்கச்சி அடுப்ப அணைக்கிறதே இல்ல. எறங்கத்தான் மாட்டேங்குது."

அடக்கத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. சித்திரையில்தான் ஊருக்குப் போனேன். தங்கை பிள்ளைகளோடு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். வந்த மறுநாள் காலையில் எழுந்து, பல் தேய்த்து, நாக்கு வழித்து, குழாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, காம்பவுண்டுச் சுவர் மேல் வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. பின்னால் தங்கை நின்றாள். கையில் ஆவி பறக்க ஒரு சொம்பு வெந்நீர், எனக்காகக் கொண்டுவந்தது. அவள் என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"அது யாருக்குண்ணே?"

பாட்டிலைப் பற்றி மாப்பிள்ளை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சொம்பை வாங்கிக்கொண்டேன், ஆனால் குடிக்கவில்லை. சுவரில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாட்டிலை அங்கிருந்து எடுக்க எனக்குக் கை வரவில்லை.