மீட்டரில் ஒட்டிய கறுப்பு டேப்

என் மனைவிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். பாத்திரம் பறக்காது, கதவு அறையப்படாது. "சரி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். கல்யாணமான புதிதில் நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவளுடைய அண்ணன் அந்தச் "சரி"யைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். அவனுக்காவது புத்தி இருந்திருக்க வேண்டும்.

மனைவியின் அண்ணனை "அவர்" என்று எழுதுவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. நான் ரொட்டி வேன் ஓட்டுகிறவன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதனால் "அவன்" என்றே இருக்கட்டும்.

அவள் சைலன்சர் பட்டறை நடத்துகிறாள். பஸ் டிப்போவுக்குப் பின்தெருவில், டயர் கடைக்கும் மரக்கடைக்கும் நடுவில் இருக்கிறது பட்டறை. குழாய் வளைக்கும் இயந்திரம், காரைத் தூக்கி நிறுத்த இரண்டு தூண்கள், ஆணியில் தொங்கும் வெல்டிங் முகமூடி, எந்நேரமும் சூடான இரும்பு வாசனை. பள்ளி முடித்ததும் அங்கே போன் எடுக்கும் வேலைக்குத்தான் போனாள். போன் அடிக்காத நேரத்தில் குழாய் வெட்டப் பழகினாள். முதலாளி ஓய்ந்து உட்கார்ந்தபோது பட்டறையே அவள் கைக்கு வந்துவிட்டது. இன்றைக்கும் ஒரு வண்டி உள்ளே வந்தால், பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, புகைக்குழாய்க்கு எதிரே உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பாள். காற்று கையில் எப்படி வந்து மோதுகிறது என்பதில் ஏதோ இருக்கிறதாம். நானும் ஒருநாள் நீட்டினேன். சுட்டது, அவ்வளவுதான்.

அவளுடைய கார் ஒரு பழைய மியாட்டா. ஜப்பான்காரன் செய்த இரண்டு சீட்டு வண்டி, துணிக்கூரை, பொத்தானை அமுக்கினால் தூங்கி எழுந்த மாதிரி மேலே வரும் விளக்குகள். பழைய இரும்புக் கடையில் அதை அவள் முதலில் பார்த்தபோது டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரித்து இறங்கும்வரை காத்திருந்து வண்டியை வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதற்கே கொடுத்தாள். எங்கள் கல்யாணத்துக்கு அந்தக் காரில்தான் வந்தாள். மணப்பெண்ணே ஓட்டி வந்தாள், கூரையைத் திறந்துவிட்டு.

அவள் அண்ணனுக்கு அந்த வண்டியைப் பார்த்தாலே இளக்காரம். அவன் கார்களை ஒப்பிட்டு வீடியோ போடுகிறவன். கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும், பார்க்கிறவர்கள் அவனை "வாட்ச் அண்ணன்" என்பார்கள். அவனிடம் இருந்தது ஜிடிஆர். அதுவும் ஜப்பான் வண்டிதான். நிற்கும் இடத்திலிருந்து நூறைத் தொட மூன்று செகண்டு. சாப்பாட்டு மேசையில் இந்த வழக்கு ஓயாது.

"மூணு செகண்டு. உன் வண்டிக்கு ஒன்பது. இதுக்கு மேல பேச என்னம்மா இருக்கு?" என்பான்.

"மூணு செகண்ட்ல முடிஞ்சு போற சந்தோஷத்துக்கு எதுக்குண்ணா அவ்ளோ பெரிய வண்டி?" என்பாள் இவள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். ஜிடிஆர் சாதாரண வண்டி இல்லை. ஒருமுறை என்னை ஏற்றிக்கொண்டு அழுத்தினான், காலையில் தின்றது தொண்டைக்கு வந்துவிட்டது. ஆனால் இறங்கியதும் மறந்துவிட்டேன், வேகமான லிஃப்டில் ஏறி இறங்கிய மாதிரி. மியாட்டாவில் நாற்பதில் போனாலே ஏதோ தப்புக் காரியம் செய்கிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும், வீட்டுக்கு வந்த பிறகும் சிரிப்பு நிற்காது. அளந்து பார்த்தால் அவன் பக்கம் ஜெயிக்கும். இதை அவளே ஒத்துக்கொள்வாள். "ஆனா ஆசைப்பட்டு வாங்குறவன் அளந்தா வாங்குறான்?" என்று கேட்பாள். அதுவரைக்கும் அது வீட்டுச் சண்டைதான்.

பிறகு பட்டறையில் ஒரு விபத்து. தூணிலிருந்து நழுவிய வண்டி அவளுடைய இடது காலை நசுக்கிவிட்டது. மாதக் கணக்கில் கட்டிலில் கிடந்தாள். எலும்பு கூடியபோது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அந்த நாட்களில் ஒருநாள் அவன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். "வண்டி சும்மா நின்னா கெட்டுப்போயிடும். நான் கொண்டுபோய் அப்பப்போ ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்" என்றான். நான்தான் சாவியை எடுத்துக் கொடுத்தேன், அவனோடு வந்த பையன் ஓட்டிக்கொண்டு போனான். அண்ணன்தானே என்று நினைத்தேன்.

அவள் எழுந்து நடந்த பிறகும் வண்டி திரும்பி வரவில்லை. கேட்டாள். "இந்தக் காலோட உன்னால கிளச் மிதிக்க முடியாதும்மா. பேசாம கிளச் இல்லாத வண்டியா ஒன்னு பாரு" என்றான். மியாட்டாவை அவன் வீடியோக்களில் கோமாளி ஆக்கியிருந்தான். "ஆமை" என்று பேர் வைத்து, எந்தப் புது வண்டி வந்தாலும் அதன் பக்கத்தில் இதை ஓடவிட்டுச் சிரிப்பான். தான் ஏற மாட்டான், வேறு யாரையாவது ஓட்டச் சொல்வான். அப்படி ஒரு வீடியோவில்தான் அதைச் சொன்னான்.

"இதைக் கட்டினது என் தங்கச்சி. நொண்டிக்கு ஏத்த நொண்டி வண்டி!"

சொல்லிவிட்டுக் கண்ணடித்தான். கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி நின்றன. நாங்கள் இருவரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு ரத்தம் கொதித்தது. வேன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன், அவன் வீட்டுக் கண்ணாடியில் ஒன்று மிஞ்சக் கூடாது என்று. அவள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"போலீசுக்காவது போலாம். வண்டி உன் பேர்லதானே இருக்கு?"

"வேணாம். அவன் கையாலயே சாவியைக் குடுக்கணும். அவனுக்கு விசில் அடிக்கிறவங்க அத்தனை பேரும் பாக்கணும்." அந்த வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். முடிந்ததும் "சரி" என்றாள்.

மறுநாள் சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒரு பெடல் முளைத்தது. பழைய லாரியின் தடித்த ஸ்பிரிங்கை அடியில் வைத்துத் தானே வெல்டிங் செய்திருந்தாள். காலையில் டீ குடிக்கும்போதும் ராத்திரி சாப்பிடும்போதும் இடது காலால் அதை மிதிப்பாள். கிறீச், கிறீச். முதலில் வலியில் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். போதும் விடு என்று சொன்னால் என்னை முறைப்பாள். வருஷம் முழுக்க அந்தச் சத்தத்தோடுதான் சாப்பிட்டேன். எங்கள் பெண் அதற்கு "மாமா" என்று பேர் வைத்தாள், அம்மா மாமாவை மிதிக்கிறாள் என்று.

அவன் விழுந்தது அவனே வெட்டிய குழியில். ரசிகர்களைக் கூட்டி ஒரு விழா நடத்த ஏற்பாடு செய்தான், ஊருக்கு வெளியே விமானம் இறங்காத பழைய ஓடுபாதையில். அதற்கு முன் தங்கச்சிக்கே போன் போட்டான். வெட்கமே கிடையாது அவனுக்கு.

"ஆமைக்குச் சிங்கக் குரல் வெச்சுக் குடும்மா. கத்திக்கிட்டு ஊர்ந்து போனா ஜனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

நான் போனைப் பிடுங்கப் போனேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "அனுப்பு அண்ணா, செஞ்சு தரேன்" என்றாள் தேன் ஒழுக.

வண்டி பட்டறைக்கு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தாள். இன்ஜினைத் தொடவில்லை. புதுக் குழாய் போட்டாள், மெதுவாகப் போகும்போதே உச்சத்தில் அலறுகிற மாதிரி. சீட்டுக்குப் பின்னால் சத்தத்தை அடைத்துக்கொண்டிருந்த பஞ்சுத் தட்டையைக் கழற்றினாள். காற்றைத் தடுக்கும் சின்னக் கண்ணாடியைக் கழற்றினாள். சீட்டு மெத்தையைச் சீவி மெலிதாக்கினாள், உட்கார்ந்தால் புட்டம் ரோட்டில் உரசுகிற மாதிரி இருந்தது. என்னை ஏற்றி உள்தெருவில் ஒரு சுற்று ஓட்டச் சொன்னாள். நான் பயந்துபோய் பிரேக்கை மிதித்தேன். மீட்டரைப் பார்த்தால் ஐம்பதுகூட இல்லை.

"அவன் கேட்ட சத்தம்தானே?" என்றாள், எனக்குப் புரிந்ததா என்று பார்த்துக்கொண்டு.

விழாவுக்கு நான் வேனில் பன் கொண்டுபோனேன், அங்கே போட்டிருந்த டீ ஸ்டாலுக்கு. நல்ல கூட்டம். பாதை ஓரத்தில், கடந்து போகிற வண்டியின் வேகத்தைப் பெரிய எழுத்தில் காட்டும் பலகை ஒன்று வைத்திருந்தார்கள். அது கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது, ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. அவன் மைக்கில் முழங்கினான். "மனசு, உணர்ச்சி, இதெல்லாம் வேகமா போக முடியாதவன் சொல்ற சாக்கு. என்னை எந்த வண்டியும் ஏமாத்த முடியாது. என் உடம்பே ஒரு மீட்டர்!"

அவள் கூட்டத்திலிருந்து நொண்டிக்கொண்டே முன்னால் போனாள். சிலர் அடையாளம் கண்டு சிரித்தார்கள். நான் பன் தட்டை நசுக்கிவிட்டேன்.

"மீட்டரை மூடிட்டு ஓட்டுவியா அண்ணா?" என்று கேட்டாள். "ரெண்டு வண்டிலயும் அந்தப் பலகையைச் சரியா நூறுல தாண்டு. பத்து கூடக் குறைய இருந்தாலும் பரவால்ல. நீ ஜெயிச்சா, வேகம்தான் எல்லாம், நான் கட்டினது வெறும் தகரம்னு இதே மைக்ல சொல்றேன். தோத்தா சாவியைக் குடு."

அவனுக்கு வாயெல்லாம் பல். தங்கச்சி வாயால் அதைச் சொல்ல வைப்பதற்கு அவன் என்ன வேண்டுமானாலும் செய்வான். "ஆமைக்காகவா இவ்ளோ பெரிய பந்தயம்? சரி!" என்றான். அந்தச் சொல் அவன் வாயில் எனக்கு இனித்தது.

அவள் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து, இரண்டு வண்டியிலும் முள் எதுவும் தெரியாதபடி ஒட்டினாள்.

முதலில் ஜிடிஆர். சோபாவில் சாய்ந்த மாதிரி, ஒரு கையால் ஓட்டிக்கொண்டு பலகையைத் தாண்டினான். நூற்று முப்பத்தாறு என்று எழுந்தது. கூட்டம் ஓவென்றது. கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் அவனுக்கு அது பாராட்டு மாதிரி கேட்டிருக்க வேண்டும், கை அசைத்தான்.

பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக, தான் கேலி செய்த வண்டியில் ஏறினான். கிளப்பியதும் துள்ளினான். அலறல், காற்று, காதைப் பிளக்கும் இரைச்சல். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, குனிந்து ஓட்டி வந்தான். அந்த முகத்தைப் பார்த்தால் உயிரைப் பணயம் வைத்தவன் மாதிரி இருந்தது. பலகையில் எழுபத்தொன்று. அந்த வேகத்தில் நான் ரொட்டி கொண்டுபோகிறேன்.

இறங்கும்போது அவனுக்கு முடியெல்லாம் குத்திட்டு நின்றது. மைக்கைப் பிடுங்கினான். "யப்பா! நூறுல நிறுத்தவே முடியல! நூத்திப் பத்து இருக்கும், எழுதி வெச்சுக்கோங்க! இது என்ன வண்டிடா!" கண் கலங்கியிருந்தது. காற்றினால் அல்ல, சத்தியமாக.

பிறகு யாரோ பலகையைக் கழுத்தைப் பிடித்துத் திருப்புவது மாதிரி அவன் பக்கம் திருப்பினார்கள். எழுபத்தொன்று இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அத்தனை போன்களும் அவன் முகத்தைப் படம் பிடித்தன. "எழுபத்தொன்னு அண்ணே!" என்று ஒருவன் கத்தினான். அந்தப் பேர் இன்றைக்கும் அவனை விட்டுப் போகவில்லை.

"என்ன பண்ணி வெச்ச வண்டில?" என்றான், மைக் இல்லாமல்.

"வேகத்துல கை வைக்கல. நீ சாக்குன்னு சொன்னியே, அதைக் கொஞ்சம் சேர்த்தேன்." கையை நீட்டினாள்.

சாவியை அவன் கொடுக்கவில்லை, கையில் போட்டான். போட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு கடைசி விஷத்தைக் கக்கினான். "எடுத்துட்டுப் போ. யாரு ஓட்டப் போறா? அந்தக் காலை வெச்சுக்கிட்டு கிளச் மிதிச்சிடுவியா?"

அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, "ஏங்க, வர்றீங்களா இல்லையா?" என்றாள். பன்னை எல்லாம் ஸ்டால்காரரிடம் விட்டுவிட்டு ஓடிப்போய் ஏறினேன். வேனை எடுக்க மறுநாள் வரவேண்டியதாயிற்று.

லாரி ஸ்பிரிங்கை வருஷம் முழுக்க மிதித்த காலுக்கு மியாட்டாவின் கிளச் பஞ்சு மாதிரி இருந்திருக்கும். ஒரு குலுக்கல் இல்லை. வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது, கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. முதலில் சிரித்தவர்களே கை தட்டினார்கள். அவள் ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. நான் மட்டும் திரும்பி உட்கார்ந்து, கண் கொட்டாமல் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பெரிய சாலை வந்த பிறகு, "கால் வலிக்குதா?" என்று கத்திக் கேட்டேன்.

"உயிர் போகுது" என்று கத்தினாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு வேகம் என்று பார்க்க டேப்பை உரிக்கப் போனேன். கையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது.

"அதை விடுங்க. நான் கிளச் விட்டு வண்டி கிளம்புச்சே, அப்போ அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு? நான் பாக்கலையே."

சொன்னேன். வாய் திறந்தபடி நின்றது, ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்து எதற்கென்று தெரியாமல் அமுக்கிக்கொண்டிருந்தது, கடைசியில் தலை குனிந்தது, ஒன்று விடாமல் சொன்னேன்.

"மறுபடியும் சொல்லுங்க" என்றாள்.

வீடு வந்து சேரும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தேன்.