நான் கொடுக்காத வலது கை

இங்கே ஞாயிறுதோறும் இருபது பேராவது என் கையைப் பிடிக்கிறார்கள். ஆராதனையின் நடுவில் போதகர் ஒரு வார்த்தை சொன்னதும் எல்லோரும் எழுந்து, முன்னாலும் பின்னாலும் இருப்பவர்களின் கையைப் பற்றி, சமாதானம் என்று சொல்லிக் குலுக்குகிறார்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. வயதான பெண்கள் கையுறையைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த விரல்களை நீட்டுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். மகளோடு இங்கிலாந்தின் இந்த வடக்கத்திச் சிற்றூருக்கு வந்து ஆறு வருடமாகிறது. இன்னும் அந்த இரண்டு நிமிடம் நெருங்கும்போது என் உள்ளங்கை வியர்க்கிறது. ஆரணியில் எங்கள் சபையில் கை கொடுப்பது இவ்வளவு லேசான காரியமாக இருந்ததில்லை.

நான் முப்பது வருடத்துக்கு மேல் ஆரணியில் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியன். ‘ரெப்ரிஹெண்ட்’ என்றால் கண்டித்தல் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, அதோடு அந்தச் சொல் தீர்ந்தது என்று நினைத்தவன். இங்கே நூலகத்தில் ஜன்னலோரம் ஒரு பெரிய அகராதி இருக்கிறது. பனி மூடிய காலை ஒன்றில் வேறு ஏதோ தேடப் போய் அந்தச் சொல்லில் நின்றேன். லத்தீனில் அதன் வேர் பிடித்தல், பற்றுதல். முன்னால் ஒட்டியிருக்கும் சிறு அசை, திரும்ப, பின்னோக்கி என்று பொருள் தருவது. ஆக, போகிறவரைப் பின்னாலிருந்து எட்டிப் பிடித்து நிறுத்துவதுதான் அதன் பழைய பொருள். பிறகு, தவறு செய்தவரை வார்த்தையால் பிடித்து நிறுத்துவதற்கு அதைச் சொன்னார்கள். காலம் போகப்போக பிடிப்பது உதிர்ந்துவிட்டது, திட்டுவது மட்டும் மிஞ்சியது. அதே வேரிலிருந்துதான் புரிந்துகொள்வதற்கான ஆங்கிலச் சொல்லும் வந்தது, சிறைக்கான சொல்லும் வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வெண்மையைத் தவிர எதுவும் இல்லை. அந்த வெண்மைக்குள் எஸ்தர் வந்து நின்றாள்.

எஸ்தர் என் ஒரே தங்கை, என்னைவிடப் பத்து வயது இளையவள். இருபத்து மூன்றாவது வயதில், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிப் பட்டு நெய்துகொண்டிருந்த குமரவேலைப் பதிவாளர் அலுவலகத்தில் மணந்தாள். அவர் முருகனைக் கும்பிடுகிறவர். நானோ சபைக் கமிட்டியின் செயலர். சபைக்கு வெளியே மணந்தவர்களுக்குத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கொடுக்க மாட்டார்கள், நீக்கப்பட்டவர் என்று பெயரை ஆராதனையில் வாசிப்பார்கள். என் தங்கையின் பெயரை நான்தான் வாசித்தேன். குரல் நடுங்காமல் வாசித்ததாக வீட்டுக்கு வந்து பெருமையாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

நீக்கப்பட்டவர்கள் மனு எழுதிக் கேட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்வதும் எங்கள் வழக்கம். பீடத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். ஐயர் என்று நாங்கள் கூப்பிடும் போதகர் ஜெபம் செய்வார். கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வலது கையைக் கொடுப்பார்கள். கடைசி ஆளும் கை கொடுத்தால்தான் சேர்ந்ததாகக் கணக்கு. இரண்டு வருடம் கழித்து எஸ்தர் மனு கொடுத்தாள். அந்த ஞாயிறு, நான்கு பேர் அவள் கையைப் பிடித்தார்கள். ஐந்தாவதாக, கடைசி ஆளாக, நான். பட்டுக்குச் சாயம் போடுகிற வீட்டில் அப்போது அவளும் வேலை செய்துகொண்டிருந்தாள். நீட்டிய கையில் நகக்கண் வரை அரக்குச் சிவப்பு ஏறியிருந்தது. நான் கமிட்டிப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"மொதல்ல உன் வூட்டுக்காரர ஞானஸ்நானத்துக்குக் கூட்டிகினு வா. அப்புறம் குடுக்கறேன் கைய."

சபைக் கோயில் நிறைய ஜனம். ஐயர் குனிந்து என் காதில் ஏதோ சொன்னார், நான் கேட்கவில்லை. அப்படி ஒரு நிபந்தனை எந்த விதியிலும் கிடையாது, நானாகச் சேர்த்தது. எஸ்தரின் கை அந்தரத்தில் சிறிது நேரம் நின்றது. பிறகு அதைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக அவள் வெளியே போனாள். நான்கு எட்டு வைத்திருந்தால் பிடித்திருப்பேன். வைக்கவில்லை. அதற்குப் பிறகு நாற்பத்து மூன்று வருடம் சாவுக்கும் கல்யாணத்துக்கும் பார்த்துக்கொண்டோம், சாப்பிட்டாயா என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. அவளும் மறுபடி மனு எழுதவில்லை.

அகராதியை மூடாமல் உட்கார்ந்திருந்த என்னிடம் ஜோன் வந்தார். நூலகத்தில் புத்தகம் அடுக்கும் பெண்மணி, என் வயதுக்குச் சற்றுக் குறைவு. விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்து, இதை என் தங்கைக்குச் செய்துவிட்டேன், திட்டுகிற பாதியை மட்டும் செய்தேன் என்றேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, இன்று மத்தியானமே ஒரு கேக் வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள், பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்த்துச் சொல்லட்டுமா என்று கேட்டார். தங்கை பக்கத்து ஊரில் இருப்பதாக நினைத்துவிட்டார். திருத்த மனம் வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இங்கிருந்து பேருந்து ஏறினால் களம்பூர் ரைஸ் மில்கள் தாண்டி, ஆரணியில் இறங்கி, தெரு நெடுக நீட்டிக் கட்டியிருக்கும் தறிப் பாவு நூலுக்குக் கீழே குனிந்து அவள் வீட்டுக்குப் போய்விடலாம் போல. உண்மையில் என் இதயத்தைப் பார்க்கிற டாக்டர், இனி விமானம் வேண்டாம் என்று சொல்லி ஒரு வருடமாகிறது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வீடியோவில் அழைத்தேன். இங்கே விடிந்தும் விடியாத நேரம். குமரவேல்தான் எடுத்தார்.

"இன்னா மச்சான், ஒரே இருட்டா கீது. அந்த ஊர்லயும் கரண்ட் கட்டா?" என்று சிரித்தவர், "அவ பாவு புணைச்சிகினு கீறா, இருங்க" என்று போனைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

திரையில் எஸ்தரின் முகம் வரவில்லை. அவள் கைகள் மட்டும் தெரிந்தன. முடிந்த பாவின் முனையோடு புதிய பாவை இழை இழையாகச் சேர்க்கிற வேலை அது. ஆயிரக்கணக்கான இழைகள். விரலில் சாம்பல் தொட்டு, பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று எடுத்து, முறுக்கி விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். நான் எழுதி வைத்திருந்த தாளைப் பார்க்காமலே சொன்னேன். அன்றைக்குச் செய்தது தப்பு, விதியில் இல்லாததைச் சொன்னேன், ஊர் முன்னால் பெரிய மனுஷனாக நிற்க ஆசைப்பட்டேன், நீ போகும்போது பின்னால் வந்திருக்க வேண்டும். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவள் விரல்கள் நிற்கவில்லை.

"இத சொல்லத்தான் போன் போட்டியா?"

"ஆமாம்மா."

"மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேண்ணா. அன்னிக்கி வூடு வரிக்கும் எப்பிடி நடந்தேன்னு எனக்குத்தான் தெரியும்."

பத்து இழை போயிருக்கும்.

"இப்ப நீ கைய நீட்டனாலும் என்னால புடிக்க முடியாது. ரெண்டு கையும் இழையில கீது. உட்டா கலஞ்சி பூடும்."

"சரிம்மா, வச்சிடறேன்."

"வெக்காத." குரல் சட்டென்று வந்தது. "இன்னும் பாதி கீது. ஒக்காந்துகினு இரு."

உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மெல்ல வெளுத்தது. அங்கே மத்தியான வெயில் ஓட்டுச் சந்து வழியாக இறங்கி இழைகளின் மேல் கிடந்தது. குமரவேல் உள்ளிருந்து சோறு ஆறுகிறது என்று எஸ்தரைக் கூப்பிட்டார். அதே நேரம் என் மகள் அடுக்களையிலிருந்து, அப்பா, இட்லி ஆயிடுச்சு என்று கூப்பிட்டாள். இரண்டு வீட்டிலும் யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் அடுத்த இழையை எடுத்தாள்.