அண்ணன் எரித்த கிளட்ச்

காரின் கிளட்ச் போனதற்கு நான்தான் காரணம் என்று எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் நம்புகிறார்கள். நான் பெண், கார் ஓட்டுகிறேன், கிளட்ச் போய்விட்டது. அவர்களுக்கு வேறு சாட்சி வேண்டாம். தேய்ந்த கிளட்ச் தட்டில் யார் கால் மிதித்தது என்று எழுதியிருக்காது. எழுதியிருந்தாலும் படிக்கமாட்டார்கள்.

நான் நைட்டி தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட கொட்டகையில் மெஷின்கள் ஓடுகின்றன. கொட்டாரத்திலும் இராஜாக்கமங்கலத்திலும் நாகர்கோவிலிலும் இருக்கிற கடைகளுக்கு நானே கட்டுகளைக் கொண்டுபோய்ப் போடுவேன். அதற்காகத்தான் அண்ணனுடைய பழைய காரை வாங்கினேன். சும்மா வாங்கவில்லை. விலை கொடுத்து வாங்கி, ஆர்.சி.யில் பெயரையும் மாற்றினேன். ஆனாலும் அம்மாவுக்கு அது 'அண்ணன் தந்த கார்'. பக்கத்து வீட்டுக்காரிக்கும் அப்படித்தான். அண்ணனுக்கோ அது அவனுடைய கார், அவன் இல்லாத நாட்களில் நான் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

அண்ணன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். அங்கே ஓட்டுவதெல்லாம் ஆட்டோமேட்டிக். பல வருடமாக இடது காலுக்கு வேலையே கிடையாது. லீவில் ஊருக்கு வந்தால் என்னிடம் கேட்காமல் என் வீட்டு ஆணியில் தொங்கும் சாவியை எடுத்துக்கொண்டு போவான். ஓட்டும்போது அந்த இடது காலை எங்கே வைப்பது என்று தெரியாது. கிளட்ச் பெடலின் மேல் வைத்துக்கொள்வான், வீட்டில் ஸ்டூலின் மேல் கால் நீட்டுகிற மாதிரி.

போன வருடம் நவம்பரில் வந்தான். ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லோரும் போனோம். அவன் ஓட்டினான், அவன் மனைவி, என் மைனி, முன்னால், அம்மாவும் நானும் பின்னால். திரும்பி வரும்போது பார்வதிபுரம் மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் நகராமல் நின்றுவிட்டன. அண்ணன் ஹேண்ட் பிரேக்கைத் தொடவே இல்லை. பாதி கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரைக் கொடுத்து, வண்டியை ஏற்றத்தில் அப்படியே தொங்கவிட்டுக்கொண்டு போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் கருகிய வாடை வந்தது.

"அண்ணே, ஹேண்ட் பிரேக்கப் போடு. கிளட்சுல வச்சு நிறுத்தாத. வாடை அடிக்கி" என்றேன்.

"அது முன்னால நிக்க லாரில இருந்து வருகு. ஏட்டி, நான் அரபிக்க வண்டியே ஓட்டுனவனாக்கும். நீ எனக்குப் படிப்பிக்கியா?"

மைனி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "அவ சொல்லுக மாதிரி ஓட்டுனா நாம நாளைக்குத்தான் வீட்டுக்குப் போவோம்."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள், வாயை மூடு என்று. மூடினேன். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

டிசம்பர் பிறந்தது. அண்ணனுக்கு இன்னும் லீவு முடியவில்லை. எங்கள் பக்கம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில்தான் கடைக்காரர்கள் சரக்கு கேட்பார்கள். அப்போது கொடுக்காவிட்டால் வேறு யாரிடமாவது வாங்குவார்கள், பிறகு நம் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். வருடம் முழுக்க மிதித்த மெஷினுக்குப் பலன் அந்தச் சில வாரம்தான். பின் சீட் நிறையக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு அதே மேம்பாலத்தில் ஏறினேன். ஆக்சிலேட்டரை அழுத்தினால் இஞ்சின் கத்துகிறது, வண்டி போகவில்லை. இன்னும் அழுத்தினேன், சத்தம் கூடியதே தவிர வேகம் கூடவில்லை. ஆட்கள் ஏற்றிய ஆட்டோக்கள்கூட என்னைத் தாண்டிப் போயின. எப்படியோ ஊர்ந்து மேலே ஏறி, இறக்கத்தில் உருண்டு, அண்ணனுக்குப் பழக்கமான ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

மெக்கானிக் ஏறி உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்சை முழுக்க விட்டார். நல்ல கிளட்ச் என்றால் அந்த இடத்தில் இஞ்சின் திணறி அணைந்துவிட வேண்டும். இது கூச்சமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"கண்டேளா, நிக்கல்ல. பிளேட்டு தீந்து போச்சுல்லா. வண்டிய யாரு ஓட்டுகது?"

"நான்தான்."

"ஆங்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு 'ஆங்'குக்கே அவரை அடித்திருக்கலாம்.

சாயங்காலம் வீட்டுக்காரரும் என்னோடு வந்தார். மெக்கானிக் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பிக்கொண்டார். "சார், லேடீஸ் ஓட்டும்போ நாமதான் பைய சொல்லிக் குடுக்கணும். கால கிளட்சுலயே வச்சிருப்பாவ."

"எனக்குச் சைக்கிளே நேரா வராது. நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?" என்றார் இவர். என் வீட்டுக்காரர் பேசியதில் எனக்குப் பிடித்த பேச்சு அது.

கியர்பாக்ஸை இறக்கித்தான் கிளட்சைத் தொட முடியும், இறக்கியபின் பிளேட்டை மட்டும் மாற்றினால் மற்றது சீக்கிரம் போய்த் திரும்பவும் இறக்க வேண்டிவரும், அதனால் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் எல்லாவற்றையும் செட்டாக மாற்றிவிடலாம் என்றார் மெக்கானிக். சரி என்றேன். நாளைக்கழிச்சு, அதாவது நாளை மறுநாள், எடுத்துக்கொள்ளலாம் என்றார். அதற்கும் சரி என்றேன்.

நாளைக்கழிச்சு போனபோது கார் ஜாக்கிகளின் மேல் நின்றது. கியர்பாக்ஸ் பக்கத்தில் சாக்கின் மேல் கிடந்தது. வந்த செட் வேறு மாடலுடையது, மாற்றி அனுப்பச் சொல்லியிருக்கிறேன் என்றார். அடுத்த முறை போனபோது மழை என்றார். அதற்கடுத்து மச்சினனுக்கு நிச்சயதார்த்தம் என்றார். நான் கட்டுகளைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைந்தேன். இராஜாக்கமங்கலம் பஸ்ஸில் கண்டக்டர், "இது என்னக்கா, கடையவே தூக்கிட்டு வந்துட்டியளா?" என்று கேட்டான். பஸ் முழுக்கச் சிரித்தது. கடையில் போய் இறக்கினால் பாதிச் சரக்குதான் வந்திருக்கிறது என்று கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நாலு நாளுக்குள் மீதி வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொன்னார்.

அன்றைக்கு நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். சரியான செட் அட்டைப் பெட்டியோடு பெஞ்சில் இருந்தது. கியர்பாக்ஸ் கிடந்த இடத்தில் கிடந்தது. மெக்கானிக் வேறு காரின் கீழே படுத்திருந்தார்.

"சாமான் வந்தாச்சே, ஏன் மாட்டல்ல?"

அவர் வெளியே வரவில்லை. கீழே இருந்தே பேசினார். "அண்ணன் நிறுத்தி வைக்கச் சொன்னாரு அக்கா."

"எந்த அண்ணன்?"

"உங்க அண்ணன்தான். இந்த வண்டிய எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு ஆட்டோமேட்டிக் எடுக்கப் போறாராம். பழைய வண்டி எடுக்க ஆளு நாளைக்கு இங்கன வந்து பாக்கும், புது செட்டு வீணா எதுக்கு, ஓடுக அளவுக்கு என்னமாவது போட்டு விட்டாப் போரும்னு சொன்னாரு."

நின்ற இடத்திலேயே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, உனக்க நல்லதுக்காக்கும். உனக்கு கிளட்சு வண்டி ஒத்து வரல்ல. ஆட்டோமேட்டிக் எடுத்தா நீயும் ஓட்டலாம், லீவுக்கு வந்தா நானும் ஓட்டலாம்."

"யாருக்க வண்டிய யாரு விக்கது?"

"எதுக்கு இப்படிச் சாடுக? எனக்க வண்டிதானே அது?"

போனை வைத்தேன். காரின் கீழே குனிந்து மெக்கானிக்கைப் பார்த்துச் சொன்னேன். "ஆர்.சி.யில எனக்க பேரு. கூலி தரப் போறது நான். வண்டியக் கொண்டு விட்டவளும் நான். இதுல எங்க அண்ணன் எங்கன இருந்து வந்தாரு? இன்னைக்கு மாட்டணும். மாட்டுகது வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."

"எனக்க மேல சாடாதீங்க அக்கா. ஆம்பள சொல்லும்போ நாம கேக்கண்டாமா?"

"வேண்டாம்."

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து, கியர்பாக்ஸ் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தேன். டீ வந்தது, எனக்கு மட்டும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. பழைய தட்டைக் கழற்றி என் காலடியில் போட்டார். ஓரமெல்லாம் ரிவெட் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. அது உராய்ந்த ஃபிளைவீல் என்ற இரும்புச் சக்கரத்தின் முகத்தில் சூடு பட்டு நீலம் பாரித்திருந்தது. நான் அந்த மேம்பாலத்தையும் கருகிய வாடையையும் சொன்னேன். "அண்ணன் கல்ஃபுல ஓட்டுகவருல்லா" என்றார் மெக்கானிக். சாணை பிடிக்கும் கடைக்கு ஃபிளைவீலை அனுப்பி, அது திரும்பி வந்து, கியர்பாக்ஸை இரண்டு ஆள் சேர்ந்து தூக்கி ஏற்றி முடிக்கும்போது இருட்டப் பார்த்தது.

வண்டியில் ஏறினேன். பழைய கிளட்ச் கடைசியில் காலை முழுக்கத் தூக்கினால்தான் பிடிக்கும், என் கால் அதற்குப் பழகியிருந்தது. புதியது தரையிலிருந்து கொஞ்சம் தூக்கியதுமே பிடித்துவிட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் சிரித்தார்கள். மறுபடியும் அணைந்தது. "அக்கா, அண்ணனைக் கூப்பிடட்டா?" என்று ஒருவன் கத்தினான். மூன்றாவது தடவை கிளம்பிவிட்டேன். மேம்பாலத்தில் ஏறினேன். மிதித்த அளவுக்கு வண்டி போனது. அவ்வளவு நாள் கழித்து அது ஒன்றுதான் நான் சொன்னதைக் கேட்டது.

என் வீட்டு வாசலில் அண்ணன் நின்றிருந்தான். மைனியின் தம்பி மறுநாள் திருவனந்தபுரத்தில் வந்து இறங்குகிறான், ஏர்போர்ட்டுக்குப் போகவேண்டும். காரை விற்கப் பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கையை மட்டும் நீட்டினான்.

"சாவியத் தா. வெளுக்குமுன்ன போவணும்."

"தரமாட்டேன். டாக்சி பிடிச்சுப் போ."

"ஏட்டி, வெளையாடாத."

"நாளைக்கு இராஜாக்கமங்கலத்துக்குச் சரக்கு போவணும்."

அவன் வீட்டுக்காரரைப் பார்த்தான். "மாப்பிள, நீங்களாவது சொல்லுங்க."

"எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது அத்தான்" என்று இவர் உள்ளே போய்விட்டார்.

அண்ணன் டாக்சியில்தான் போனான். ஜனவரியில் மஸ்கட்டுக்குத் திரும்பும்போது சொல்லிக்கொள்ளவில்லை. அம்மா போனில் அழுதாள். "ஒரு சாவிக்காக கூடப் பொறந்தவன இப்படி அனுப்பிட்டியே."

"சாவிக்காகத்தான்" என்றேன். அம்மா போனை வைத்துவிட்டாள்.

மீதிச் சரக்கு, அண்ணன் டாக்சியில் போன அன்றைக்கே கடைக்குப் போய்ச் சேர்ந்தது. சாவி தொங்கிய ஆணியைப் பிடுங்கிவிட்டேன். சாவி இப்போது என் கைப்பையில் இருக்கிறது.